மூலைமட்டத்தின் கோணம்

புதிதாக வாங்கிய இரும்பு மூலைமட்டத்தை வைத்துக் குறித்து அறுத்த ஜன்னல் சட்டங்கள், பூட்டும்போது ஒரு பக்கம் இடைவெளி விடுகின்றன. கைப் பிழையா, கருவிப் பிழையா?
— ஒரு வாசகர், காரைக்குடி

கையைக் குறை கூறுமுன் கருவியைப் பரீட்சித்துவிடுங்கள். நல்ல தேக்கு அளவுப் பிழையால் வீணாவதைக் காண மனம் பொறுப்பதில்லை. இழைப்புளியால் ஓரத்தை நேராக்கிய ஒரு பலகையின்மேல், மட்டத்தின் ஒரு கையின் வெளிவிளிம்பை அவ்வோரத்தோடு இம்மியும் பிசகாமல் பொருத்தி, மற்றக் கையை ஒட்டிக் கத்திமுனையால் ஒரு கோடு கீறி, பிறகு மட்டத்தைப் புரட்டி வைத்து, ஓரத்தில் அதே புள்ளியிலிருந்து இரண்டாம் கோடும் கீறினீர்களானால், இரண்டும் ஒன்றாய்ப் படிகிற பட்சத்தில் கருவி நிர்தோஷமானது. விலகினால், விலகலில் பாதியே அதன் தோஷம்: 30 சென்டிமீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர் விலகல் என்றால், பிழை அரை மில்லிமீட்டர்தான். ஓரம் வளைந்திருந்தால் பரீட்சையே பொய்த்துவிடும் என்பதால், அதை முதலில் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதற்கோடு, ஓரத்தில் கிடந்த கையின் பக்கமாகச் சாய்ந்திருந்தால் கோணம் குறுகியது. எதிர்ப்புறம் சாய்ந்திருந்தால் விரிந்தது. குறுகியதானால், மட்டத்தைப் பட்டடைமேல் கிடத்தி, மூலையின் உள்முனைக்கு அருகே சென்டர் பஞ்சால் ஓர் அடி கொடுங்கள். உலோகம் அவ்விடத்தில் பரந்து கைகளை விலக்கும். விரிந்ததானால் வெளிமுனைக்கு அருகே அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் மறுபடி கோடு கீறிப் பாருங்கள். மரப்பிடி பூட்டிய மட்டத்துக்கு இந்தச் சிகிச்சை ஆகாது. அதன் அலகைத்தான் அரத்தால் சிறிது சிறிதாக ராவவேண்டும்.