ரெசின் கலக்க வந்த தம்பிக்கு

தம்பி, பாம்பன், மண்டபம் கரையில் இன்று எங்கு பார்த்தாலும் ஃபைபர் வள்ளம்தான். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த உடம்பு அது. உப்புக்காற்றுக்கு அசையாது, தீப்பற்றினால் கரும்புகை கக்கி எரியும். அந்தத் தீயை மெதுவாக்கும் மருந்து கலக்க நீ வந்திருக்கிறாய். மனதில் கிடப்பதைச் சொல்கிறேன், கேள்.

1. "இது தீப்பிடிக்காது" என்று யாரிடமும் சொல்லி விற்காதே. எதைக் கலந்தாலும் தீ பரவும் வேகம்தான் குறையும். உள்ளே இருப்பவர் வெளியேறச் சிறிது நேரம் கிடைக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். எரிந்தது கீற்றுக் கொட்டகை. நம் ரெசினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் இந்த மாவட்டத்தில் தீத்தடுப்பு வேலை பார்ப்பவன் அந்த நாளை மறக்கக் கூடாது. கட்டிப்போட்டவனுக்கு நேரம் கிடைத்து என்ன பயன்? அடைத்த அறைக்கு ஃபைபர் தகடு கேட்டு வந்தால், வாசல் எந்தப் பக்கம் என்று முதலில் கேள்.

2. எடையில் கை வைக்காதே. அலுமினியம் ஹைட்ராக்சைடு என்கிற வெள்ளை மாவு, 200 டிகிரியைத் தாண்டியதும் தனக்குள் இருக்கும் நீரை ஆவியாக விடும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர்தான். அதுதான் தகட்டைக் குளிர்விக்கிறது. ஆனால் நிறையப் போட்டால்தான் வேலை செய்யும். சில கலவையில் ரெசின் எடைக்கு ஈடாகவே போட வேண்டிவரும். அப்போது ரெசின் கூழாகும், கண்ணாடி இழை மேட் நனையாது, ரோலர் தள்ளித் தோள் வலிக்கும். கொஞ்சம் குறைத்தால் யாருக்குத் தெரியும் என்று மனசு கேட்பது அந்த நேரத்தில்தான். குறைத்த தகடும் முழு அளவுத் தகடும் ஒரே பளபளப்பில்தான் இருக்கும். மனிதன் காணாத குறையை நெருப்பு காணும்.

3. ரெசினை இறுக வைக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகச் சேர்க்காதே, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். ஒரு பட்டறையில், கோபால்ட் அளந்த குவளையோடு ஒரு பையன் கேட்டலிஸ்ட் கேனைத் திறக்கப் போனான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வசவு இல்லை. மறுநாள் இரண்டு குவளை வந்தன, ஒன்றுக்குச் சிவப்பு பெயின்ட், ஒன்றுக்கு நீலம். நீயும் மேஸ்திரி ஆவாய். அப்போது அவரைப் போல இரு.

4. மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிரிக்காதே. 1973-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபயர்மாஸ்டர் என்ற புரோமின் மருந்து, நியூட்ரிமாஸ்டர் என்ற மாட்டுத் தீவனச் சேர்மானத்துக்குப் பதிலாகத் தீவன ஆலைக்குப் போய்விட்டது. பால் வழியாகவும் இறைச்சி வழியாகவும் மாநிலம் முழுக்க மனிதர் உடம்பில் ஏறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

5. தீப்பிடிக்காத நாட்களில் உன் மருந்து என்ன செய்கிறது என்று கேள். புரோமினும் ஆன்டிமனி ஆக்சைடும் சேர்ந்தால் கொஞ்சத்திலேயே தீ அடங்கும். அதனால் ஆசை வரும். குழந்தைகளின் பாலியெஸ்டர் இரவு உடையில் டிரிஸ் என்ற புரோமின் மருந்தைப் போட்டார்கள். அது துணியிலிருந்து உடம்புக்குள் போகும், மரபணுவைக் கெடுக்கும் என்று அர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதினார்கள். 1977-ல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. பிள்ளையைத் தீயிலிருந்து காக்கப் போட்ட மருந்து அது, தம்பி. எனக்கு இன்னும் ஆறவில்லை. டெக்கா என்ற இன்னொரு புரோமின் மருந்தும் 2017-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. நமக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் தீவுகள், பவளப்பாறை, கடல்பசு. தகடு தேய்த்த தூளையும் அசிட்டோன் கழுவலையும் அந்தத் தண்ணீரில் ஊற்ற உனக்கு உரிமை இல்லை.

6. எல்லா இடத்துக்கும் ஒரே கலவை போடாதே. மாவு ஏற ஏறத் தகட்டின் வலு குறையும். எஞ்சின் மூடிக்குப் போடுவதை அலை அடிக்கும் அடிப்பாகத்துக்குப் போட்டால் கடலில் ஆள் போய்விடும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு துண்டு வார்த்து, நன்றாக இறுகியபின், ரெசின் வாடை இல்லாத வெட்டவெளியில் கொளுத்திப் பார். தேதி, ரெசின் எடை, மாவு எடை மூன்றையும் நோட்டில் எழுது. துண்டு எரிந்துபோனால் அதையும் எழுதி, முதலாளியிடம் அன்றைக்கே காட்டு.