மூளைக் காயமுற்றோரை ஆராய்தலும் பயிற்றுவித்தலும்

தலையில் பலத்த அடிபட்டுச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரைக் காண்போர், புண் ஆறிவிட்டது, ஆகவே துன்பமும் தீர்ந்தது என எண்ணுவது இயல்பு. எலும்பு கூடுவதும் தோல் மூடுவதும் கண்ணுக்குப் புலனாகும்; மூளையின் குறையோ அவ்வாறு புலனாவதன்று. அவர் தம் பழைய அலுவலையோ படிப்பையோ மீண்டும் தொடங்கும்போதுதான் அது வெளிப்படுகிறது. கணக்குத் தவறுகிறது, சற்றுமுன் கேட்டது மறந்துபோகிறது, பொறுமைசாலியாக இருந்தவர் அற்பக் காரணத்துக்கும் சினம் கொள்கிறார். வீட்டாரும் ஆசிரியரும் இதனைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கொள்வதுண்டு. இத்தவற்றினால் விளையும் தீங்கு பெரிது.

காயத்தின் கடுமையை அளப்பதற்கு, 1974-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் ஆகிய இருவர் வகுத்துப் பின்னர்ச் சிறிது திருத்தப்பெற்ற அளவுமுறை இன்று எங்கும் வழங்குகிறது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உறுப்புகளின் அசைவுக்கு 6 ஆக மொத்தம் 15 எண்கள். மிகக் குறைந்தது 3; எட்டும் அதற்குக் கீழும் கடுங்காயம். ஆயினும், நோயாளியின் உணர்வு எவ்வளவு மங்கியுள்ளது என்பதையே இவ்வெண் காட்டும். ஆறு மாதம் கழிந்தபின் அவர் எதைச் செய்ய வல்லவர் என்பதை அறிய வேறு ஆராய்ச்சி வேண்டும்.

அவ்வாராய்ச்சி எத்தகையது என்பதை விளக்க ஒரு வரலாறு போதும். 1943 மார்ச்சில், வியாஸ்மாவுக்கு அருகே நடந்த போரில், ஸாஸெட்ஸ்கி என்னும் இளம் ருஷ்ய அதிகாரியின் மூளையின் இடது பின்பகுதியைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. உரால் மலைப் பகுதியில் இருந்த புனர்வாழ்வு மருத்துவமனையில் உளநூல் அறிஞர் லூரியா அவரைக் கண்டார். ஒரு காலத்தில் தொழில்நுட்பக் கல்வி பயின்ற அவருக்கு எழுத்துகள் அடையாளம் தெரியவில்லை. பார்வையின் வலப்பாதி மறைந்திருந்தது. 'தந்தையின் சகோதரன்', 'சகோதரனின் தந்தை' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்கு எட்டவில்லை. சொற்கள் தனித்தனியே விளங்கின, அவற்றின் உறவு விளங்கவில்லை.

எழுதக் கற்பிக்கும் முயற்சி நெடுநாள் பயன்தரவில்லை. ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் நினைவுகூர முயன்று அவர் தோற்றார். ஒரு நாள், கையை எடுக்காமல், எழுத்துகளை எண்ணாமல், 'இரத்தம்' என்னும் பொருளுடைய ருஷ்யச் சொல்லை ஒரே வீச்சில் எழுதுமாறு பணித்தனர். எழுதிவிட்டார்! எழுதியதைப் படிக்கத்தான் அவரால் இயலவில்லை. நாமும் கையொப்பமிடும்போது எழுத்தெழுத்தாக எண்ணுவதில்லை அல்லவா? கைப்பழக்கத்தை ஆளும் மூளைப் பகுதி வேறு, வடிவத்தைக் கண்டறியும் பகுதி வேறு, முன்னது சிதையாதிருந்தது. இவ்வொரு வாயிலின் வழியே ஏறக்குறைய 25 ஆண்டுகளில் சுமார் 3,000 பக்கங்கள் தம் வரலாற்றை அவர் எழுதினார்.

ஆகவே, தவறியது எத்தனை என்று எண்ணுவதோடு நில்லாமல், எவ்விதம் தவறியது, எது எஞ்சியுள்ளது என்று நோக்குதல் வேண்டும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 93 சொன்னபின் பத்துகளையும் ஒன்றுகளையும் குழப்புகிறார். இன்னொருவர் 93, 83, 73 எனச் சறுக்குப்பாதையில் இறங்குவதுபோல் சொல்லிக்கொண்டே போகிறார். தவற்றை அவர் உணர்வதேயில்லை. மூன்றாமவர் இடையில் நிறுத்தி, "எதைக் கழிக்கச் சொன்னீர்கள்?" என்கிறார். மதிப்பெண் மூவருக்கும் ஒன்றாகவே அமையலாம், பயிற்சி ஒன்றாகாது. முதலாமவருக்குக் கட்டமிட்ட தாளில் இலக்கங்களை நிரைப்படுத்தி எழுதும் பழக்கம் உதவும். இரண்டாமவர் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்த பின்னரே மேற்செல்ல வேண்டும். மூன்றாமவருக்கு வினாவை அட்டையில் எழுதிக் கண்முன் வைத்தால் போதும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பள்ளி செல்லாத ஒருவர் இக்கணக்கில் தவறினால் அது காயத்தின் குறியன்று. அவரிடம் காய்கறி வாங்கிய மீதிச் சில்லறையைக் கேட்பதே பொருத்தம். பிறநாட்டுச் சோதனைகளை அப்படியே மொழிபெயர்த்து வழங்குவதில் உள்ள இடர் இதுவே. பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுதி, வயது, பால், கல்வி ஆகியவற்றுக்கேற்ற இந்திய அளவுகளைத் தருகிறது. எந்தச் சோதனையாயினும் அவரவர் தாய்மொழியிலேயே நடைபெறுதல் நன்று.

பள்ளிக்குத் திரும்பும் மாணவனிடம் முதலில் தோன்றுவது களைப்பு. காலை முதற்பாடத்தில் நன்கு விடை சொன்னவன் பிற்பகலில் ஒன்றும் அறியாதவன்போல் விழிப்பான். இது நடிப்பன்று. கடினமான பாடங்களைக் காலையில் வைத்து, இடையிடையே ஓய்வளித்து, ஒரு நேரத்தில் ஒரே கட்டளையை இடுக. வரியின் வலப்பகுதியை விட்டுவிட்டுப் படிப்பானாயின் பார்வைக் குறையை ஐயுற்று மருத்துவரிடம் அனுப்புக. அதுவரை அவனை வகுப்பின் வலப்புற ஓரத்தில் அமர்த்தினால் கரும்பலகை அவனுடைய இடப்பார்வைக்குள் விழும். காயம் பட்டுப் பல மாதங்கள் கழிந்த பின்னும் வலிப்புத் தோன்றக்கூடும். ஆதலின், கிணறு, குளம், ஏணி, ஓடும் இயந்திரம் ஆகியவற்றின் அருகே அவனைத் தனியே விடலாகாது என்பதைப் பெற்றோருக்கு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுக.