கந்தோர்க் கணக்கும் அன்றாடப் பிரதியும்

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருட் பலர் பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளைப் பகுதிகளின் தோட்டக் கந்தோர்களிலும் சிறு வாணிபத் தலங்களிலும் கணக்கெழுதுவோராய் அமர்ந்துள்ளனர். அவர்தம் மேசையிலிருந்த பேரேடுகள் இன்று கணினிக்குள் புகுந்துவிட்டன. அக்கணினி ஒருநாள் மடிந்தால் செய்வது யாது என்பதையே ஈண்டு ஆராய்கின்றோம்.

பழைய தோட்டக் கந்தோரில் இவ்வினா அத்துணை வருத்தவில்லை. மலையிலே பெயர் பதியும் பொக்கட் செக்ரோல் வேறு; கந்தோரிலே எழுதும் பெரிய செக்ரோல் வேறு. ஒன்று மழையில் நனைந்தாலும் மற்றையது பேசும். ஒரு பெயர் விடுபட்டாற் குறைவது ஏட்டின் அழகன்று. ஒரு குடும்பத்தின் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் சேரவேண்டிய பங்குமாம்.

யாமறிந்த கந்தோரொன்றில் ஐப்பசி மாதத்து மாலை இடியொன்று கணினியைத் தாக்கிற்று. கிளாக்கர் கவலையுற்றாரல்லர்; நாள்தோறும் பிரதி எடுத்தவர் அவர். ஆனால் பிரதியிருந்த ஹார்ட் டிஸ்க், கழற்றப்படாது கணினியிலேயே செருகியிருந்தது! இரண்டும் ஒருங்கே கருகின. மூன்று மாதக் கணக்கைப் பொக்கட் செக்ரோலைப் பார்த்து இரவிரவாக மீண்டும் எழுதினார்.

சிறியோர்க்கு மட்டும் நேர்வதன்று இது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மின்னஞ்சற் சேவையைத் தீநிரலொன்று தாக்கிப் பூட்டிட்டுப் பணம் கேட்டது. இணைப்பிலிருந்த பிரதியும் உடன் பூட்டப்பட்டது. தனித்து வைத்த பிரதி இன்மையால், ஏறத்தாழ 5000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை.

ஆதலின் எம் பரிந்துரை எளியது. ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குக. திங்கள், புதன், வெள்ளி ஒன்று; செவ்வாய், வியாழன், சனி மற்றொன்று. மாலையில் கணக்கு நிரலை முதலில் மூடுக. மூடாது எடுத்த பிரதி பாதியில் முறிந்து நிற்பதுண்டு. தேதியிட்ட புதிய கோப்புறையில் நகலிட்டு, உடனே கழற்றுக. பழையதன்மேல் எழுதற்க, நேற்று நேர்ந்த பிழை இன்றுதான் கண்ணிற்படும். கழற்றியது கந்தோரைவிட்டு வேறோரிடம் செல்லல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவாவினர் மறவார். அத்தகைய நாளில் மேசையும் அலுமாரியும் ஒன்றாகவே போகும். தொழிலாளரின் அடையாள அட்டை இலக்கங்கள் உள்ளமையால் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுக. அச்சொல்லை உறையிலிட்டு மானேஜரிடம் ஒப்படைக்க.

கூகுள் டிரைவ் போதாதோ என இளைஞர் வினவுவர். துணைக்கு நன்று. ஆயினும் இங்கே அழித்தது அங்கேயும் அழியுமாறு இணைக்கப்பட்டிருப்பின், அது நிலைக்கண்ணாடியேயன்றிப் பிரதியன்று. மழைக்காலத்தில் மலைப்புறத்து இணைப்பைப் பற்றி யாம் சொல்லவும் வேண்டுமோ!

இன்னுமொன்று; பெரும்பாலோர் விடுவதும் இதுவே. மாதத்தின் முதல் வேலைநாளில் ஒரு பிரதியை வேறொரு கணினியில் திறந்து, சென்ற மாதச் சம்பளக் கணக்கில் யாரேனும் ஒருவர் பெயரைத் தேடுக. பெயரும் தொகையும் அச்சிட்ட தாளோடு ஒத்திருப்பின், நாட்குறிப்பில் எழுதிக் கையொப்பமிடுக. ஒத்திராவிடின், அன்று மாலைக்குள் புதிய பிரதி எடுத்த பின்னரே கந்தோரைப் பூட்டுக.