பொட்டலத்தின் மீது எழுதுவதும் உள்ளே இருப்பதும்

தீபாவளி நெருங்கினால் தோட்டத்து வீடுகளில் முறுக்கும் மிக்சரும் மணக்கும். அண்டை வீட்டாருக்குச் சுட்டுக் கொடுத்து வந்த தாய்மார்களுள் சிலர் இன்று அவற்றைப் பொட்டலமிட்டுப் பட்டணத்துக் கடைகளுக்கும் அனுப்புகின்றனர். பாராட்டத்தக்க முயற்சியே. எனினும், லேபலில் நேரும் பிழை போட்ட முதலையே விழுங்கிவிடக்கூடும். 1983ஆம் ஆண்டின் மலேசிய உணவுச் சட்டம், 16ஆம் பிரிவின்படி, உணவைப் பற்றித் தவறான எண்ணம் தரும் லேபலுக்கு 3 ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இப்பிழைகளுள் பெரும்பாலானவை வஞ்சகத்தால் நேர்வன அல்ல; பிறர் பொட்டலத்தைப் பார்த்து எழுதுவதால் நேர்வன. நாம் கண்ட மிக்சர் பொட்டலம் ஒன்றில் கடலை மாவு, எண்ணெய், உப்பு என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. உள்ளேயோ நிலக்கடலை நிறைய இருந்தது! நிலக்கடலை ஒவ்வாத குழந்தை அதைத் தின்றால் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலால்தான் நிலக்கடலை, சோயா உள்ளிட்ட கொட்டை வகைகள், கோதுமை போன்ற தானியங்கள், மீன், பால், முட்டை ஆகியவை சேர்ந்திருப்பின் அதைக் குறிப்பிட வேண்டுமென உணவு ஒழுங்குவிதிகள் கூறுகின்றன.

எனவே, அடுப்படியில் அளக்கும்பொழுதே ஒவ்வொரு பொருளின் எடையையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எடை மிகுந்தது முதலில் வரவேண்டும். கடலை மாவு 5 கிலோ, நிலக்கடலை 2 கிலோ, உப்பு 100 கிராம் என்றால் லேபலிலும் அதே வரிசைதான். செம்பனை எண்ணெயில் பொரித்துவிட்டுச் ‘சுத்தமான நெய் முறுக்கு’ என்று எழுதுவது சட்டத்தின் முன் பொய்யாகும். வாடிக்கையாளரும் நாக்கில் வைத்ததும் அறிந்துவிடுவார்!

தமிழில் மட்டும் அச்சிட்ட லேபல் போதாது. இந்நாட்டில் தயாரித்த உணவின் விவரங்கள் மலாய் மொழியில் இருத்தல் வேண்டும். தமிழை அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் தேவை. நிகர எடை என்பது உறை நீங்கலான எடை. உறையோடு நிறுத்து 200 கிராம் என்று எழுதினால் எடை குறைவு என்றே கொள்ளப்படும்.

காலாவதித் தேதியில் மிகுந்த கவனம் வேண்டும். ‘தாரிக் லுபுட்’ என்று அச்சிட்ட தேதியை அழிப்பதும், அதன்மேல் வேறு சீட்டு ஒட்டுவதும் குற்றமாகும். விற்காமல் திரும்பி வந்த பொட்டலங்களைப் பார்க்கையில் அந்த ஆசை எழுவது இயல்பே. நட்டத்தை ஏற்று அவற்றை அப்புறப்படுத்துங்கள்.

ஆயிரக்கணக்கில் அச்சிடுமுன், கையால் எழுதிய மாதிரி லேபலை மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்குக் கொண்டு சென்று உணவுப் பிரிவினரிடம் விளக்கம் கேளுங்கள். சேர்மானங்களைக் குறித்த தாளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.