நாட்டின் நலனும் மூன்று தீவுகளும்

ஒவ்வொரு நாடும் தன் நலனைக் கருதியே அயல்நாட்டுக் கொள்கையை வகுக்கிறது என்று படிக்கிறோம். அந்த நலன் எது என்று முடிவு செய்பவர் யார்? அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் இடையே எழுந்த பூசலைப் பார்த்தால் இது விளங்கும்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில், பீகிள் நீரிணையின் கிழக்கு வாயிலில் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்னும் மூன்று சிறு தீவுகள் உள்ளன. குளிர்காற்று ஓயாத இடம். இவை சிலிக்கே உரியவை என்று 1977-இல் நடுவர் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் அர்ஜென்டினா அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. அதன் கவலை நிலத்தைப் பற்றியது அன்று. தீவு யாருடையதோ அவர் அதைச் சூழ்ந்த 200 கடல் மைல் நீருக்கும் உரிமை கோரலாம். பசிபிக் நாடான சிலி அவ்வழியே அட்லாண்டிக் கடலிலும் கால் பதித்துவிடும் என்று அது அஞ்சியது.

அப்போது இரு நாடுகளிலும் இராணுவ ஆட்சி. 1978 டிசம்பரில் போர்க்கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. இரண்டும் கத்தோலிக்க மக்கள் நிறைந்த நாடுகள்; கிறிஸ்து பிறப்பு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது! பதவியேற்று இரண்டே மாதங்கள் ஆகியிருந்த பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், கர்தினால் அந்தோனியோ சமோரேயைத் தூது அனுப்பினார். எழுபதைக் கடந்த அம்முதியவர் இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் பறந்தார். 1979 ஜனவரி 8-ஆம் நாள் மொந்தெவிதேயோ நகரில், படைபலத்தை நாடுவதில்லை என்றும் பாப்பரசரையே நடுவராக ஏற்பதென்றும் இரு நாடுகளும் கையொப்பமிட்டன.

1980-இல் பாப்பரசர் தம் யோசனையை வழங்கினார். சிலி ஏற்றது. அர்ஜென்டினாவின் தளபதிகள் ஏற்கவில்லை. தீவுகளை விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு மானப் பிரச்சினை. பாப்பரசரின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது உண்மையே. அது மட்டும் போதுமாயின் காரியம் அப்போதே முடிந்திருக்கும்.

1982-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனோடு போரிட்டுத் தோற்றதும் தளபதிகளின் செல்வாக்குச் சரிந்தது. 1983 இறுதியில் மக்கள் தேர்ந்தெடுத்த அல்ஃபோன்சின் குடியரசுத் தலைவரானார். கடன் சுமையில் தவித்த நாட்டுக்கு அண்டை நாட்டின் நட்பே நலன் என்று அவர் கருதினார். 1984 நவம்பர் 25-இல் மக்களின் கருத்தைக் கேட்டார். வாக்களித்தோரில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல் உடன்பாட்டை ஆதரித்தனர். நான்கு நாட்களில் வத்திக்கானில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தீவுகள் சிலிக்கு, பூசலுக்குரிய கடலில் பெரும்பகுதி அர்ஜென்டினாவுக்கு. தீவுகளும் கடலும் முன்பிருந்தபடியே இருந்தன. நலன் எது என்று சொல்லும் இடத்தில் இருந்தவர்களே மாறியிருந்தனர்.

கர்தினால் சமோரே அந்நாளைக் காணவில்லை. 1983 பிப்ரவரியிலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். ஆண்டிஸ் மலையில் இரு நாடுகளையும் இணைக்கும் கணவாய் ஒன்றுக்கு அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள்.