மலை எஞ்சினை எரிப்பதில்லை

ராக்கி மலைகளில் முதல் பெரும்பனி விழுந்த வாரமே ஸ்னோமொபைல் பட்டறைகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். “மேலே போனால் காற்று குறைவு. காற்று குறைந்தால் எஞ்சின் சூடேறும். சூடேறினால் பிஸ்டன் உருகும். மலை வண்டி எஞ்சின் நிலைக்காததற்கு அதுதான் காரணம்.” மொன்டானாவிலும் வயோமிங்கிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பல குளிர்காலம் கண்ட ஓட்டுநர்கள்கூட இதை அடித்துச் சொல்கிறார்கள். புதிதாக வண்டி வாங்க வந்தவர் அப்படியே நம்பிவிடுகிறார். இந்த நான்கு வாக்கியங்களில் காற்று குறைவு என்பது மட்டுமே உண்மை. மிச்சத்தை நம்பி நடந்தால் நல்ல எஞ்சினும் போய்விடும்.

கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் 10,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் என்ற கணக்கில் எஞ்சினின் சக்தி இறங்குகிறது. கீழே 165 குதிரைசக்தி தரும் எஞ்சின் மேலே 115க்கு வந்துவிடும். இதில் சூடு எங்கே ஏறுகிறது? உள்ளே போகும் காற்று குறைவு, எரிவது குறைவு, பிஸ்டன் தலையில் விழும் அழுத்தமும் குறைவு.

கார்புரேட்டர் வண்டியை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் தெளிவு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுவது ஜெட் என்னும் சிறு பித்தளைத் துளை. அந்தத் துளைக்கு உயரம் தெரியாது. காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. ஆகவே மேலே போகப் போகக் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். பிளக் கரி பிடிக்கும், எஞ்சின் திணறும், புகை தள்ளும். மிகுந்த பெட்ரோல் பிஸ்டனைக் குளிர்விக்குமே தவிர உருக்காது. மலைக்குப் போகிறவர்கள் சிறிய ஜெட்டுக்கு மாற்றுவது இதற்காகத்தான். பழைய வண்டிகள் பலவற்றில் எந்த உயரத்துக்கு, எந்தக் குளிருக்கு எந்த ஜெட் என்று அட்டவணையே உண்டு. கண்ணுக்கு எதிரே இருக்கும் அட்டவணையைப் படிக்காமல் மலையைத் திட்டுவது என்ன நியாயம்?

அப்படியானால் உருகிய பிஸ்டன்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் சமவெளியிலிருந்து. மின்னசோட்டாக்காரர் ஒருவர் வண்டியை டிரெய்லரில் ஏற்றி, வயோமிங்கில் 9,600 அடியை ஒட்டிய டோக்வோட்டி கணவாய்க்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வண்டி திணறுகிறது, சிறிய ஜெட் போடுகிறார், வண்டி பறக்கிறது. ஊர் திரும்பிய பிறகு ஜெட்டை மாற்ற மறந்துவிடுகிறார். லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரி சுமார் 1,060 அடி உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே பூஜ்யத்துக்கு 30 டிகிரி கீழே போன ஒரு காலையில் உறைந்த ஏரி மேல் ஆக்சிலேட்டரை முழுக்கப் பிடிக்கிறார். பூஜ்ய டிகிரிக் காற்றைவிட அந்தக் காற்று 12 சதவீதம் அடர்த்தி. உயரம் இறங்கியதால் கூடிய அடர்த்தி வேறு. உள்ளே காற்று வெள்ளமாகப் போகிறது, பெட்ரோல் போதவில்லை. சில நிமிடங்களில் பிஸ்டன் ஓட்டை. பட்டறையில் அவர் சொல்லும் காரணம்: “மலைக்குக் கொண்டுபோனேன், எஞ்சின் கெட்டுவிட்டது.”

கழற்றிய பிஸ்டன் பொய் சொல்லாது. பெட்ரோல் போதாமல் எரிந்ததென்றால் எக்ஸாஸ்ட் பக்க ஓரம் கரையான் அரித்ததுபோல் தின்னப்பட்டிருக்கும், அல்லது தலை நடுவில் துளை விழுந்திருக்கும். பக்கத்தில் பிளக்கின் முனை வெளுத்திருக்கும். தலையெல்லாம் ஈரக்கரி படிந்து ரிங் ஒட்டியிருந்தால் பெட்ரோல் மிகுதி. பிஸ்டன் உடம்பில் நான்கு மூலைகளில் மட்டும் நெடுக்காகத் தேய்ந்த கீறல்கள் இருந்து தலை சுத்தமாக இருந்தால், அது குளிரில் இறுகிய எஞ்சின். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மெக்கானிக் காரணம் சொல்லக் கூடாது. பழைய பிஸ்டனை வாடிக்கையாளர் கையில் கொடுக்காமல் குப்பையில் போடுகிற பட்டறையை நம்பவும் கூடாது.

பெட்ரோலை ஊசியாகப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இந்த ஜெட் கவலை இல்லை. காற்றழுத்தத்தையும் குளிரையும் அளந்து கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. 2020 மாடலாக ஸ்கீ-டூ கொண்டுவந்த 850 இ-டெக் டர்போவைப் பாருங்கள். 8,000 அடி வரை 165 குதிரைசக்தியைத் தக்கவைப்பதுதான் அதன் வேலை என்று கம்பெனியே விளம்பரம் செய்தது. மலையில் எஞ்சின் இழப்பது சக்தியை. அந்தச் சக்தியைத் திருப்பிக் கொடுக்கத்தான் டர்போ. உயரம் எஞ்சினைச் சூடாக்கும் என்பது உண்மையானால், அதற்கு மேலும் காற்றைத் திணிக்க எந்த என்ஜினியர் துணிவார்?

இந்த வதந்தியால் வரும் பெரிய கேடு, அசல் குற்றவாளி தப்பிவிடுவதுதான். மலை வண்டி எஞ்சினைப் பாழாக்கும் பெரிய காரணம் ஒன்று ஓட்டுநரின் அவசரம்.

காலை வேளை. வண்டி இரவெல்லாம் டிரெய்லரில் உறைந்து கிடந்திருக்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஸ்டார்ட் செய்ததும் தீ பிஸ்டன் தலைமேல் எரிகிறது. பிஸ்டன் உடனே சூடேறி விரிகிறது. சிலிண்டரைச் சுற்றி இருப்பதோ பனிக்குளிர் ஏறிய கூலண்ட். சிலிண்டர் விரிய நேரமாகும். நண்பர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று இவரும் ஒரே அழுத்து அழுத்தினால், விரிந்த பிஸ்டன் விரியாத சிலிண்டரில் இறுகிக்கொள்கிறது. மேலே சொன்ன நான்கு மூலைக் கீறல் இப்படித்தான் விழுகிறது.

எஞ்சின் சூடான பிறகும் ஆபத்து ஒன்று இருக்கிறது. கூலண்ட் போகும் பாதை, டிராக்குக்கு மேலே இருக்கும் நீண்ட அலுமினியக் கூடு முழுவதும் ஓடுகிறது. தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தக் கூட்டில் உறைகுளிரில் கிடந்த கூலண்ட் சிலிண்டருக்கு வந்து சேரும். அந்த நேரத்தில் முழு வேகம் கொடுத்தால் அதே கதை. மலைமுகட்டில் அரை மணி நேரம் நிறுத்திப் பேசிவிட்டுக் கிளம்பும்போதும் இதே எச்சரிக்கை தேவை. கூலண்ட் கூட்டைக் கையால் தொட்டு, வெதுவெதுப்பு வந்த பிறகு கிளம்புவது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். கையேடுகளும் சூடேற்றிய பின்னரே வேகம் கொடுக்கச் சொல்கின்றன. அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் பொறுக்கவில்லை. “தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சின் குளுமையாக ஓடும்” என்று யோசனை சொல்பவர்கள் இன்னும் மோசம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூட்டுக்கே வராமல் நாள் முழுக்கக் குளிர் கூலண்டிலேயே ஓடும்.

உண்மையாகவே சூடேறும் இடமும் உண்டு. அது ஆழமான மலைப்பனி அல்ல, அடிவாரத்தில் இறுகிக் கிடக்கும் பாதை. இந்த வண்டிகளில் பலவற்றுக்குக் காரில் இருப்பதுபோல் விசிறி வைத்த ரேடியேட்டர் கிடையாது. டிராக் வாரியடிக்கும் பனி அலுமினியக் கூட்டில் பட்டு உருகுவதுதான் குளிர்விப்பு. கண்ணாடிபோல் இறுகிய பாதையில் பனி எழும்பாது. எச்சரிக்கை விளக்கு எரியும். பாதையைக் கீறிப் பனித்தூள் கிளப்பும் ஸ்க்ராட்சர் என்ற கம்பிகளை இறக்கிவிட வேண்டும், அல்லது ஓரத்து இளம்பனியில் வண்டியை விட வேண்டும். மேலே போய் இடுப்பளவு பனியில் இறங்கியதும் சூடு தானே தணிந்துவிடும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை இடம் தேவையில்லை. “மலையில் 85 ஆக்டேன் பெட்ரோலே போதும்” என்பது கார்புரேட்டர் காலத்து மிச்சம். கொலராடோவிலும் யூட்டாவிலும் பங்க்குகளில் இன்றும் 85 கிடைக்கிறது. டர்போ வண்டிக்கு அதை ஊற்றக் கூடாது. காற்றைத் திணித்த பிறகு, குறைந்த ஆக்டேன் போதும் என்ற மலையின் சலுகை அங்கே இல்லை, கையேடு கேட்பது 91. “பெட்ரோலில் கூடுதலாக ஆயில் கலந்தால் பாதுகாப்பு” என்பதும் தவறு. ஆயில் பம்ப் உள்ள கார்புரேட்டர் வண்டியில், கலந்த ஆயில் ஜெட்டில் பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு கலவையில் பெட்ரோலைக் குறைத்துவிடும். “ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கினால் தொல்லை தீர்ந்தது” என்கிறார்கள். 2003 மாடல் ஆர்எக்ஸ்-1 முதல் யமஹாவின் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் நீண்ட காலம் உழைத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் கனமான வண்டி ஆழப்பனியில் புதையும். அந்த யமஹாவும் 2025 மாடலோடு ஸ்னோமொபைல் தயாரிப்பை முடித்துக்கொண்டது. பாதி வழியில் நின்ற வண்டியைப் பார்த்து “எஞ்சின் போச்சு” என்று அலறுவதற்கு முன், கிளட்ச் மூடியைத் திறந்து பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் 2,000 மைலில் தீர்ந்துவிடும்” என்பதும் இதே ரகம். பிஸ்டனும் ரிங்கும் தேயும், மாற்ற வேண்டும், அது பராமரிப்பு. மலை வண்டிக்கு மைல் சரியான அளவுகோலும் அல்ல. 8,000 ஆர்பிஎம்மில் பனியைத் தோண்டிக்கொண்டு ஒரு மலைச்சரிவில் செலவிட்ட மணிநேரத்தை ஓடோமீட்டர் காட்டாது. விற்பனை நிலையத்தில் கம்ப்யூட்டரை இணைத்து எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் கேட்டு வாங்கலாம். கம்பெனிகள் தவறு செய்வதே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. திரும்பப் பெறும் அறிவிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் டீலர் பார்த்துச் சொல்வார்.

பழைய வண்டி வாங்குகிறவர்களை ஏமாற்றுவது கம்ப்ரெஷன் கேஜ். மலையூரில் கேஜ் வைத்துப் பார்த்தால், உள்ளே இழுக்கும் காற்றே குறைவு என்பதால் எண்ணும் குறைந்தே வரும். சமவெளிக் கணக்கோடு ஒப்பிட்டு “எஞ்சின் முடிந்தது” என்பவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது இரண்டு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம். பத்து சதவீதத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான சோதனை ஒன்றை யாரும் செய்வதில்லை. காற்று உள்ளே வரும் வழியையும் எக்ஸாஸ்டையும் அடைத்துவிட்டு, சைக்கிள் பம்ப் போன்ற சிறு பம்பால் எஞ்சினுக்குள் மெல்லிய அழுத்தம் ஏற்ற வேண்டும். கிராங்க் சீலிலும் ரப்பர் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழும்பினால் அந்தக் கசிவு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. அந்தப் பக்கப் பிஸ்டன் ஒரு நாள் உருகும். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும், பனி விழுவதற்கு முன்பே, இந்தச் சோதனையைச் செய்து தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜெட், பிஸ்டன், பெல்ட் எது மாற்றினாலும் அதே நோட்டில் சேருங்கள். வண்டி வாங்கப் போகும்போது அந்த நோட்டைக் கேளுங்கள். நோட்டு இல்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். காற்றுச் சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் வண்டியே வாங்காதீர்கள்.