மண்ணைக் காத்த சட்டம்

ஓர் அங்குல மேல்மண் உருவாதற்குப் பல நூறு ஆண்டுகள் செல்லும். அதனை இழத்தற்கோ ஒரு பெருங்காற்றே போதும். இவ்வுண்மையை அமெரிக்க நாடு பெருந்துன்பம் உற்ற பின்னரே உணர்ந்தது.

அந்நாட்டின் நடுவே பரந்து கிடப்பது பெருஞ்சமவெளி. ஆங்கு ஆழ வேரோடிய புல், மண்ணைப் பிணித்து ஈரத்தையும் காத்து நின்றது. முதல் உலகப்போர்க் காலத்தில் கோதுமை விலை ஏறிற்று. உழவர் புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தனர். 1930-களில் மழை பொய்த்தது, பயிர் கருகிற்று. பிணிப்பு நீங்கிய மண்ணைக் காற்று வாரிச் சென்றது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதிப்புயல் பகலை இரவாக்கிற்று. அந்நாளை அந்நாட்டார் 'கருப்பு ஞாயிறு' என்பர். வாழ வழியின்றி ஊர் துறந்த குடும்பங்கள் பல.

மண்ணரிப்பால் வரும் கேட்டினை ஹியூ பென்னட் என்னும் அறிஞர் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வந்தார். அவர் சொல் இப்பொழுது செவியேறிற்று. 1935 ஏப்ரல் 27ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன்வழி அமைந்த துறைக்குப் பென்னட்டே முதல் தலைவரானார். சரிவிற்குக் குறுக்கே உழுதல், பயிரை மாற்றி விதைத்தல், அறுத்த தாளை நிலத்திலேயே விடுதல் முதலியவற்றை அத்துறை உழவர்க்குக் கற்பித்தது.

வறியவனுக்கு அறிவுரை மட்டும் கூறின் அவன் என் செய்வான்? ஆதலின் அரசு 1936-இல் மற்றொரு சட்டம் இயற்றி, மண்ணை மெலிவிக்கும் பயிரைக் குறைத்து அதனை வளப்படுத்தும் பயிரை இடுவோர்க்குப் பொருளுதவியும் அளித்தது.

எச்சட்டமும் காற்றைக் கட்டாது. மண்ணை ஆளும் மனிதனின் பழக்கத்தையே திருத்தும். மாணவர்களே! நிலம் நம் உடைமையாயினும், அதன் வளம் நம் பின்னோர்க்கும் உரியது என்பதை மறவாதீர்.